உலகப் போர்களில் ஜெயித்தவர்கள் எடுத்துக்கொண்ட நிலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்கு உலக வரலாறு படிக்கிறவர்களோடு உட்கார்ந்தால், போர்கள் வரை யாருக்கும் பெரிய சிக்கல் இருக்காது. போர் முடிந்த பிறகு வரைபடம் ஏன் அப்படி மாறியது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். அடிக்கடி வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே கொடுத்திருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

ஒரு இடத்தைப் பிடிக்கிறதும் இணைச்சுக்கிறதும் ஒண்ணுதானே சார்?

இல்லை. படை புகுந்து, அங்கேயே உட்கார்ந்து நிர்வாகம் நடத்தினால் அது ஆக்கிரமிப்பு. எத்தனை வருஷம் நடத்தினாலும் சட்டப்படி நிலம் பழைய நாட்டுக்காரருடையதுதான். 'இனிமேல் இது என் நாட்டின் ஒரு பகுதி' என்று அறிவித்து, தன் சட்டத்தையும் குடியுரிமையையும் அங்கே கொண்டுவந்தால் அது இணைப்பு. அடுத்தவர் வயலில் இறங்கி உழுவதற்கும், பட்டாவில் பெயரை மாற்றிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

1945 ஜூன் 5 அன்று பெர்லினில் அமெரிக்கா, சோவியத், பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் சேர்ந்து, ஜெர்மனியின் முழு அதிகாரமும் இனி எங்களிடம் என்று அறிவித்தன. அதே அறிவிப்பில், இதனால் ஜெர்மனியை நாங்கள் இணைத்துக்கொண்டதாக ஆகாது என்றும் எழுதிவைத்தார்கள். நாட்டையே கையில் வைத்திருந்தவர்கள் அந்த ஒரு வரியை மறக்காமல் சேர்த்தார்கள் என்றால், சட்டத்தில் இந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு கனம் என்று புரியும்.

முதல் உலகப் போர் முடிஞ்சதும் ஜெர்மனியோட காலனிகளைப் பங்குதானே போட்டாங்க? அப்புறம் எதுக்கு 'மாண்டேட்'?

பங்குதான் போட்டார்கள். ஆனால் 1918 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் வில்சன், இணைப்புகள் கூடாது என்று பகிரங்கமாகப் பேசிவிட்டார். ரஷ்யாவில் போல்ஷ்விக்குகள் அதற்கும் முன்பே, 1917 நவம்பரிலேயே, அதையே சொல்லியிருந்தார்கள். அதனால் பாரிஸ் மாநாட்டில் நேரடியாக 'எனக்கு' என்று கேட்க முடியவில்லை. நியூ கினியை வேண்டுமென்று ஆஸ்திரேலியப் பிரதமர் ஹியூஸும், தென்மேற்கு ஆப்பிரிக்காவை வேண்டுமென்று தென்னாப்பிரிக்காவின் ஸ்மட்ஸும் பிடிவாதமாக நின்றார்கள். நடுவில் கண்ட வழிதான் மாண்டேட். நிலம் பன்னாட்டுச் சங்கத்தின் (ஐ.நா.வுக்கு முந்தைய லீக் ஆஃப் நேஷன்ஸ்) பொறுப்பில் இருக்கும், அதன் சார்பில் ஒரு நாடு ஆளும்.

அதில் மூன்று வகுப்புகள். துருக்கியிடமிருந்து எடுத்த ஈராக், பாலஸ்தீனம், சிரியா, லெபனான் எல்லாம் ஏ வகுப்பு, சீக்கிரம் சுதந்திரம் பெற வேண்டியவை. தாங்கனிக்கா, ருவாண்டா-உருண்டி, டோகோ, கேமரூன் பி வகுப்பு. சி வகுப்பில்தான் விஷயமே இருக்கிறது. அந்த நிலங்களை ஆளும் நாடு தன் சொந்த மண்ணின் பகுதி போலவே, தன் சட்டப்படி ஆளலாம். இணைப்புக்கு இதைவிட நெருக்கமாக ஒரு ஏற்பாட்டை எழுத முடியாது.

நவுரு என்ற சின்னஞ்சிறு பசிபிக் தீவு இந்தச் சி வகுப்பில் இருந்தது. அங்கே உரத்துக்கான பாஸ்பேட் குவிந்து கிடந்தது. பிரிட்டனுக்கு 42, ஆஸ்திரேலியாவுக்கு 42, நியூசிலாந்துக்கு 16 என்று சதவீதக் கணக்கில் பிரித்து வெட்டினார்கள். 1968இல் நவுரு சுதந்திரம் அடைந்தபோது தீவின் நடுப்பகுதியில் பெரும்பங்கு தோண்டிப்போட்ட பாறைக்காடாக இருந்தது. 1989இல் நவுரு சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்குப் போட்டது. 1993இல் ஆஸ்திரேலியா 10 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

அங்கே இருந்த ஜனங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?

சில இடங்களில் ஒழுங்காகக் கேட்டார்கள். ஷ்லெஸ்விக்கில் 1920இல் வாக்கெடுப்பு நடந்தது. வடக்குப் பகுதி டென்மார்க்குக்கும் தெற்கு ஜெர்மனிக்கும் போனது, அந்த எல்லை இன்றுவரை அப்படியே இருக்கிறது. பிரான்ஸ் எல்லையோரம் இருக்கும் ஜெர்மனியின் சார் (Saar) பகுதியை 15 வருஷம் பன்னாட்டுச் சங்கம் வைத்திருந்து, 1935இல் வாக்கெடுப்பு நடத்தியது. 90 சதவீதத்துக்கு மேல் ஜெர்மனிக்கே ஓட்டுப் போட்டார்கள்.

கேட்ட மாதிரி காட்டிக்கொண்டதும் உண்டு. ஜெர்மனியிடமிருந்து பெல்ஜியம் எடுத்துக்கொண்ட ஊப்பன், மால்மெடியில் ரகசிய வாக்குச்சீட்டே கிடையாது. பெல்ஜியம் வேண்டாம் என்பவர்கள் அலுவலகத்துக்கு வந்து, பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரேஷனும் பயண அனுமதியும் அதே நிர்வாகத்தின் கையில் இருக்கும்போது யார் துணிவார்கள்? சுமார் 34,000 வாக்காளர்களில் 271 பேர் எழுதினார்கள். மற்றவர்கள் சம்மதம் என்று கணக்கு முடிந்தது.

ஆஸ்திரியாவின் தென் டைரோலில் அதுகூட இல்லை. 1915இல் லண்டனில் போட்ட ரகசிய உடன்படிக்கையில், போரில் எங்கள் பக்கம் வந்தால் பிரென்னர் கணவாய் வரை உனக்கு என்று இத்தாலிக்கு நேச நாடுகள் வாக்குக் கொடுத்திருந்தன. 1920இல் இத்தாலி முறைப்படி இணைத்துக்கொண்டது. அங்கே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுகிறவர்கள்.

ரெண்டாம் போர்ல 'எங்களுக்கு நிலம் வேண்டாம்'னு கையெழுத்தே போட்டாங்களாமே?

போட்டார்கள். 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனத்தின் முதல் அம்சமே அதுதான்: நில ஆதாயமோ வேறு ஆதாயமோ தேடமாட்டோம். 1942 ஜனவரியில் சோவியத் உள்பட நேச நாடுகள் எல்லாம் அதை ஏற்றுக் கையெழுத்திட்டன. ஆனால் அதற்குள் ஸ்டாலின் கொஞ்சம் நிலம் எடுத்து முடித்திருந்தார், அதைத் திருப்பித் தருவதாக அவர் எங்கும் சொல்லவில்லை.

நான் படித்த வரை என் முடிவு இது: சண்டை நின்ற நாளில் எந்தப் படை எங்கே நின்றதோ அதுதான் பெரும்பாலும் எல்லை ஆனது. உடன்படிக்கைகள் பின்னால் வந்து அதற்கு முத்திரை குத்தின. முத்திரை சரியாக விழாத இடங்களில்தான் இன்னும் தகராறு. கீழே வரும், ஜப்பானுக்கு வடகிழக்கே உள்ள குரில் தீவுகள் அதற்கு நல்ல உதாரணம்.

சோவியத் மொத்தமா என்னென்ன எடுத்துச்சு? ஒரு லிஸ்ட் கிடைக்குமா?

மேற்கிலிருந்து தொடங்கலாம். 1939 ஆகஸ்ட் 23 அன்று சோவியத் வெளியுறவு அமைச்சர் மாலட்டோவும் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ரகசியப் பின்னிணைப்புப்படி கிழக்குப் போலந்து, எஸ்தோனியா, லாட்வியா, ருமேனியாவிடமிருந்து பெசராபியா. லித்துவேனியா முதலில் ஜெர்மனியின் பங்கில் இருந்தது, செப்டம்பர் 28 திருத்தத்தில்தான் சோவியத் பங்குக்கு வந்தது. ருமேனியாவுக்குக் கெடு விதித்தபோது, பின்னிணைப்பில் இல்லாத வடக்கு புக்கோவினாவையும் சேர்த்துக் கேட்டு வாங்கினார்கள். பின்லாந்திடமிருந்து 1940இல் கரேலியா, போர் முடிவில் நிக்கல் சுரங்கங்களோடு பெட்சாமோ. கரேலியாவைவிட்டு நான்கு லட்சத்துக்கும் அதிகமான பின்லாந்துக்காரர்கள் கிளம்பிப் போனார்கள், அந்த நாட்டு ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். 1945 ஜூனில் செக்கோஸ்லோவாக்கியாவின் கிழக்கு முனையான கார்பாத்திய ருத்தேனியா. ஜெர்மனியிடமிருந்து கிழக்குப் பிரஷ்யாவின் வடபாதி. ஜப்பானிடமிருந்து தெற்கு சகாலினும் குரில் தீவுகளும்.

பரீட்சையில் வராத ஒன்றும் உண்டு, துவா. மங்கோலியாவுக்கு வடமேற்கே 1921 முதல் தனிக் குடியரசு என்று இருந்த இடம். சோவியத்தும் மங்கோலியாவும் தவிர யாரும் அங்கீகரிக்கவில்லை. முக்கோணம், சாய்சதுரம் என்று வினோதமான வடிவங்களில் அது வெளியிட்ட தபால்தலைகள் சேகரிப்பவர்களுக்கு இன்றும் பிரியம். 1944 அக்டோபரில் சத்தமில்லாமல் சோவியத்துக்குள் போய்விட்டது.

போலந்து நாடே நகர்ந்து போச்சுன்னு சொல்றாங்களே, அது எப்படி?

1943 நவம்பரில் டெஹ்ரான் மாநாட்டில் சர்ச்சில் மூன்று தீக்குச்சிகளை மேஜையில் வைத்து நகர்த்திக் காட்டினார். சோவியத் எல்லை மேற்கே வரும், போலந்து மேற்கே நகரும், ஜெர்மனி சுருங்கும். ஸ்டாலினுக்கு ரொம்பத் திருப்தி. லண்டனில் இருந்த போலந்து அரசாங்கத்தை யாரும் கூப்பிடவில்லை.

முடிவில் கிழக்கே சுமார் 1,80,000 சதுர கிலோமீட்டர் போனது, மேற்கே ஜெர்மனியிடமிருந்து சுமார் 1,00,000 வந்தது. சோவியத் பக்கம் போன லிவீவ் நகரத்துப் போலந்துக்காரர்கள் பலர் ரயிலேறி, ஜெர்மானியர்களை வெளியேற்றிய பிரெஸ்லாவுக்குப் போனார்கள். அதுதான் இன்றைய விரோட்ஸ்வாஃப். அங்கே சந்தைச் சதுக்கத்தில் நாடகாசிரியர் ஃபிரெட்ரோவின் சிலை இருக்கிறது. அது லிவீவிலிருந்து வந்த சிலை. அதே இடத்தில் முன்பு நின்றது பிரஷ்ய மன்னர் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம். மக்களோடு சிலையும் நூலகமும்கூட மேற்கே நகர்ந்தன.

மேப்ல லித்துவேனியாவுக்கும் போலந்துக்கும் நடுவுல ரஷ்யா ஒரு துண்டு இருக்கே, அது எப்படி வந்துச்சு?

கலினின்கிராட். பழைய பெயர் கோனிக்ஸ்பெர்க், தத்துவஞானி கான்ட் வாழ்ந்த ஜெர்மன் நகரம். சோவியத்துக்குப் பனிக்காலத்தில் உறையாத துறைமுகம் வேண்டும் என்று ஸ்டாலின் கேட்டார். 1945 ஏப்ரல் 9 அன்று நகரம் செம்படையிடம் சரணடைந்தது. ஆகஸ்டில் போட்ஸ்டாம் மாநாடு கொள்கையளவில் சம்மதித்தது. இறுதி முடிவு பின்னால் வரும் சமாதான உடன்படிக்கையில் என்றும், அப்போது அமெரிக்காவும் பிரிட்டனும் ஆதரிக்கும் என்றும் எழுதினார்கள்.

அந்த உடன்படிக்கைக்காக யாரும் காத்திருக்கவில்லை. 1946 ஜூனில் இறந்த சோவியத் தலைவர் கலினினின் பெயரை ஜூலையிலேயே நகரத்துக்கு வைத்தார்கள். எஞ்சியிருந்த ஜெர்மானியர்களை 1947, 1948இல் அனுப்பிவிட்டார்கள். கான்ட் கல்லறை மட்டும் இடியாமல் தப்பியது. சோவியத் இருந்தவரை இது துண்டாகத் தெரியவில்லை, நடுவில் இருந்த லித்துவேனியாவும் சோவியத்துக்குள்தான். 1991க்குப் பிறகுதான் தனித்துத் தெரிகிறது.

பால்டிக் நாடுகளை எடுத்துக்கிட்டதை அமெரிக்கா 'ஏத்துக்கல'ன்னு சொல்லுச்சாம். சொல்லி என்ன பிரயோஜனம், சோவியத் 50 வருஷம் ஆண்டுச்சே?

அன்றைக்குப் பார்த்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 1940 ஜூலையில் ஒரே பட்டியலை வைத்துத் தேர்தல், ஆகஸ்டில் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்று நாடுகளும் இணைப்பு. இடையில் ஜூலை 23 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் வெல்ஸ் அறிக்கை வந்தது. ஒரு சிப்பாய்கூட நகரவில்லை.

ஆனால் அந்த அறிக்கையால் சில கதவுகள் மூடப்படாமல் இருந்தன. அமெரிக்காவில் இருந்த அந்நாடுகளின் தங்கம் சோவியத் கைக்குப் போகவில்லை. தூதரக அலுவலகங்கள் இயங்கின. எர்ன்ஸ்ட் யாக்சன் என்பவர் 1930களிலேயே நியூயார்க்கில் எஸ்தோனியத் துணைத்தூதரகத்தில் வேலை பார்த்தவர். நாடு வரைபடத்தில் இல்லாத காலம் முழுவதும் அங்கேயே இருந்து, 1991இல் எஸ்தோனியத் தூதராக நம்பிக்கைப் பத்திரத்தை அமெரிக்க அதிபரிடம் கொடுத்தார். அதைவிட முக்கியம், 1991இல் மூன்று நாடுகளும் பிரிந்து போகிறோம் என்று வாதாடவில்லை, நாங்கள் சட்டப்படி ஒருபோதும் சேரவே இல்லை என்றார்கள். மாஸ்கோவும் 1989 டிசம்பரில் ரகசியப் பின்னிணைப்பு இருந்ததை ஒத்துக்கொண்டுவிட்டது. மற்ற சோவியத் குடியரசுகளுக்கு இந்த வாதம் கிடைக்கவில்லை.

அப்போ அமெரிக்கா ஒண்ணுமே எடுக்கலையா? நல்லவங்களா?

பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். ஜப்பானிடம் சி வகுப்பு மாண்டேட்டாக இருந்த மார்ஷல், கரோலின், மரியானா தீவுகளை 1944இல் ரத்தம் சிந்திப் பிடித்தார்கள். நேராக இணைத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க ராணுவத் தலைமையில் பலர் விரும்பினார்கள். அட்லாண்டிக் சாசனத்தில் போட்ட கையெழுத்து இடித்தது. 1947இல் ஐ.நா. தர்மகர்த்தா ஏற்பாட்டில் (மாண்டேட்டின் அடுத்த வடிவம்) வாங்கினார்கள், அதுவும் 'கேந்திர முக்கியத்துவம்' என்ற தனிப் பிரிவில். அந்தப் பிரிவில் வந்தது உலகத்திலேயே இது ஒன்றுதான். மேற்பார்வை பொதுச்சபையிடம் கிடையாது, பாதுகாப்பு அவையிடம். அங்கே அமெரிக்காவுக்கு வீட்டோ இருக்கிறது.

அந்தக் காகிதம் வருமுன்பே, 1946 மார்ச்சில், பிகினித் தீவின் 167 பேரைக் கப்பலில் ஏற்றி ரோங்கெரிக் என்ற வறண்ட தீவில் இறக்கிவிட்டார்கள். மார்ஷல் தீவுகளில் 1958 வரை 67 அணு சோதனைகள். பிகினிக்காரர்கள் சிலர் 1970களில் ஊர் திரும்பினார்கள். உடம்பில் கதிரியக்கம் ஏறுவது தெரிந்து 1978இல் மறுபடி வெளியேற்றினார்கள். மார்ஷல் தீவுகளும் மைக்ரோனீசியாவும் 1986இலும், பலாவு 1994இலும் தனி நாடுகள் ஆயின. வட மரியானா மட்டும் 1975இல் ஓட்டுப் போட்டு அமெரிக்காவோடேயே சேர்ந்துகொண்டது. ஒகினாவாவைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பிரிட்டன், பிரான்ஸ்?

இருப்பதைக் காப்பாற்றவே இருவருக்கும் நேரம் போதவில்லை. பிரான்ஸ் 1947இல் இத்தாலியிடமிருந்து டாண்ட், லா பிரீக் என்ற மலையூர்களை வாக்கெடுப்போடு பெற்றது. சார் பகுதியை மறுபடி தன் பிடியில் வைத்துப் பார்த்தது. 1955 வாக்கெடுப்பில் ஜனங்கள் அந்த ஏற்பாட்டைத் தள்ளிவிட்டார்கள், 1957இல் அது மேற்கு ஜெர்மனியில் சேர்ந்தது. பிரிட்டன் 1946இல் சரவாக்கை புரூக் குடும்பத்து ராஜாவிடமிருந்து வாங்கிக் காலனி ஆக்கியது. அங்கே கடும் எதிர்ப்பு. 1949இல் ஆளுநர் ஸ்டூவர்ட்டையே சிபுவில் குத்தினார்கள், அவர் பிழைக்கவில்லை.

அட்லாண்டிக் நடுவே ஆள் வாழ முடியாத ராக்கால் என்ற பாறையையும் பிரிட்டன் 1955இல் இணைத்துக்கொண்டது. ஏவுகணைச் சோதனையைச் சோவியத் உளவாளி யாராவது அங்கிருந்து பார்த்துவிடுவார்களாம்.

குரில் தீவுகள் யாருக்குத்தான் சொந்தம்? ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரியே தெரியுது.

ரஷ்யாவின் கையில் இருப்பது யால்டா மாநாட்டு ஒப்பந்தம். ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் ஜப்பான் மீது போர் தொடுத்தால் குரில் தீவுகள் உனக்கு என்று 1945 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் எழுதிக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 8 அன்று ஸ்டாலின் போர் அறிவித்தார். ஜப்பானோடு போட்ட நடுநிலை ஒப்பந்தம் 1946 ஏப்ரல் வரை இருந்தது, அது வேறு. ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைவதாக வானொலியில் சொன்னது. ஆகஸ்ட் 18 அன்றுதான் வடகோடித் தீவான ஷும்ஷுவில் சோவியத் படை இறங்கியது. தென்கோடியில் ஹபோமாய் கைக்கு வந்து முடிந்தது செப்டம்பர் 5 வாக்கில், சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்தான பிறகு. தெற்குத் தீவுகளில் இருந்த சுமார் 17,000 ஜப்பானியர்களைப் பின்னால் அனுப்பிவிட்டார்கள்.

ஜப்பானின் வாதம் பழைய பத்திரத்தில் இருக்கிறது. 1855இல் ரஷ்யாவும் ஜப்பானும் முதல் எல்லை போட்டபோதே எதொரோஃபுவும் அதற்குத் தெற்கே உள்ளவையும் ஜப்பானுக்கு என்று முடிவானது. ஆகவே அவை பேராசையால் பிடித்த நிலமில்லை, குரில் என்பதிலேயே சேராது என்கிறார்கள். இங்கே ஜப்பானுக்கு ஒரு சங்கடம். 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் குரில் மீதான உரிமையை ஜப்பான் விட்டுக்கொடுத்தது. அடுத்த மாதமே அதன் சொந்த வெளியுறவு அதிகாரி, எதொரோஃபுவும் குனாஷிரியும் அந்தக் குரிலில் அடக்கம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். சில வருஷம் கழித்து அரசு அதை மாற்றிக்கொண்டது.

ரஷ்யாவுக்கும் ஒரு சங்கடம். ஜப்பான் விட்டுக்கொடுத்தது யாருக்கு என்று அந்த உடன்படிக்கையில் எழுதவே இல்லை, சோவியத் கையெழுத்தும் போடவில்லை. 1956 கூட்டறிக்கையில், சமாதான உடன்படிக்கை ஆனதும் ஹபோமாயும் ஷிகோட்டானும் ஜப்பானுக்கு என்று மாஸ்கோ ஒத்துக்கொண்டது. 1960இல் அமெரிக்கப் படை ஜப்பானைவிட்டுப் போனால்தான் என்று புது நிபந்தனை போட்டது. 2020இல் ரஷ்ய அரசியல் சட்டத்தில் நிலம் கைமாறத் தடை வந்தது. 2022 மார்ச்சில் பேச்சுவார்த்தையே நின்றது. ஹொக்கைடோவின் நோசப்பு முனையிலிருந்து ஹபோமாயின் முதல் தீவு 3.7 கிலோமீட்டர்தான். என்னைக் கேட்டால், ஷிகோட்டானும் ஹபோமாயும் விஷயத்தில் ஜப்பான் பக்கம் வலு அதிகம். பெரிய இரண்டு தீவுகள் விஷயத்தில் அவ்வளவு சொல்ல மாட்டேன்.

சான் பிரான்சிஸ்கோவுல ஜெயவர்தனா பேசினதை இலங்கைக்காரங்க பெருமையா சொல்றாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. அப்போது அவர் இலங்கையின் நிதியமைச்சர். பகையைப் பகையால் தணிக்க முடியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி நஷ்டஈடு வேண்டாம் என்றது எல்லோருக்கும் தெரியும். அதே பேச்சில், ஒகினாவா அடங்கிய ரியுக்யு தீவுகளையும் போனின் தீவுகளையும் ஜப்பானுக்குத் திருப்பித் தரச் சொல்லும் சோவியத், தெற்கு சகாலினையும் குரிலையும் மட்டும் ஏன் திருப்பித் தரக்கூடாது என்றும் கேட்டார். நல்ல இடத்தில் விழுந்த அடி. இந்தியா அந்த மாநாட்டுக்கே போகவில்லை, 1952இல் ஜப்பானோடு தனியாக உடன்படிக்கை செய்துகொண்டது.

எடுத்த நிலத்தை யாராவது திருப்பிக் கொடுத்திருக்காங்களா?

அமெரிக்கா போனின் தீவுகளை 1968இலும் ஒகினாவாவை 1972இலும் ஜப்பானிடம் கொடுத்தது. ராணுவத் தளங்கள் போகவில்லை. சோவியத் பின்லாந்திடம் குத்தகைக்கு வாங்கிய போர்க்கலாவை 1956இல் விட்டது. அது இணைப்பே இல்லை.

எனக்குப் பிடித்தது வல்லரசு இல்லாத நெதர்லாந்தின் கதை. 1949இல் அது ஜெர்மனியிடமிருந்து எல்டென், செல்ஃப்கான்ட் உள்ளிட்ட 69 சதுர கிலோமீட்டரை எடுத்தது. 28 கோடி மார்க் வாங்கிக்கொண்டு 1963 ஆகஸ்ட் 1 அன்று பெரும்பகுதியைத் திருப்பித் தந்தது. முந்தின ராத்திரி எல்டெனின் தெருக்களில் வெண்ணெயும் காப்பியும் ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்து நின்றன. பன்னிரண்டு மணி அடித்ததும் ஊர் ஜெர்மனி ஆனது. லாரி நின்ற இடத்திலேயே நிற்க, சரக்கு சுங்கவரி கட்டாமல் ஜெர்மனிக்குள் வந்துவிட்டது.

தற்காப்புக்காகச் சண்டை போட்டு ஜெயிச்சா, பிடிச்ச நிலத்தை வெச்சுக்கலாமா?

இப்போதைய சட்டப்படி கூடாது. 1967 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242ஆம் தீர்மானம், போரின் மூலம் நிலம் பெறுவது ஏற்கத்தக்கதல்ல என்கிறது. யார் முதலில் அடித்தது என்ற விதிவிலக்கு அந்த வரியில் இல்லை. 1970இல் பொதுச்சபையும் அதையே பிரகடனமாக்கியது. கூடவே, ஐ.நா. சாசனத்துக்கு முந்தைய ஏற்பாடுகளை இது தொடாது என்றும் எழுதிக்கொண்டார்கள். கலினின்கிராட் வைத்திருந்தவருக்கும் விரோட்ஸ்வாஃப் வைத்திருந்தவருக்கும் அந்த வரி வசதி.

அதன் பிறகு எடுத்தால்? 2014இல் ரஷ்யா கிரிமியாவை இணைத்தபோது பொதுச்சபையில் 100 நாடுகள் எதிர்த்தன, 11 ஆதரித்தன, இந்தியா உள்பட 58 நாடுகள் வாக்களிக்கவில்லை. படை நகரவில்லை. இது எதில் போய் முடியும் என்று கேட்பவர்கள் மேலே பால்டிக் பதிலை மறுபடி படிக்கவும்.

அப்போ ஜெர்மனி நாளைக்கே கோனிக்ஸ்பெர்க்கைத் திருப்பிக் கேட்கலாமா? போட்ஸ்டாம்ல 'பின்னால் முடிவு'ன்னுதானே இருக்கு?

அந்த 'பின்னால்' 1990 செப்டம்பர் 12 அன்று வந்துவிட்டது. இரு ஜெர்மனிகள் இணையும்போது நான்கு வல்லரசுகளோடு மாஸ்கோவில் போட்ட உடன்படிக்கையின் முதல் பிரிவு: ஐக்கிய ஜெர்மனி என்றால் மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி, பெர்லின், அவ்வளவுதான். வேறு எந்த நிலத்தின் மீதும் உரிமை இல்லை, இனியும் கோராது. நவம்பரில் போலந்தோடு ஓடர்-நைஸ் எல்லைக்குத் தனி உடன்படிக்கையும் போட்டார்கள். கேட்பதற்கு ஜெர்மனியிடம் ஒன்றும் மீதமில்லை. ஜப்பானோ ரஷ்யாவோடு இப்படி ஒரு காகிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.